தாய்மாமன் விறகு

வா தாயி, உட்காரு. களத்துல வெயில் சுள்ளுனு அடிக்குது, இந்தச் சாக்க நெழல்ல விரிச்சுக்க. மேடம்னுதான் கூப்பிடணும், தெரியும். ஆனா உன்னப் பாத்தா எம்மக சுகந்தி வயசுதான் இருக்கும், வாயில தாயின்னுதான் வருது. கோவிச்சுக்காத. கடுங்காப்பி போட்டுருக்கேன், கருப்பட்டி தட்டிப் போட்டது. எங்க தோட்டத்துக் காப்பிதான். நம்பிக் குடி. இந்தப் புழு தண்டுலதான் இருக்கும், கொட்டையில இருக்காது. பாரு, வண்டப் பத்திப் படிச்சிட்டு வந்த பிள்ளைக்கே பாடம் எடுக்குறேன்.

வெளியூருக் கட்ட ஏதும் வந்துச்சான்னு என்னமோ கேட்டியே. வாரேன். அந்தக் கேள்விக்கு வாரேன். எங்கயும் ஓடிப் போயிரமாட்டேன்.

மொதல்ல அந்தப் போனுல இருக்குற ஊரு மேப்ப இன்னொருக்கக் காட்டு. ஆத்தாடி, எம்புட்டுச் செவப்புப் புள்ளி! அம்மை போட்ட மாதிரில்ல இருக்கு. இது பூராம் போரர் விழுந்த ஊரா? நீங்க என்னமோ பேரு சொன்னீங்க, நீள்கொம்பு வண்டுச் சாதின்னு. கொம்புன்னதும் நான் மாட்டுக் கொம்பத்தான் நெனச்சேன். மீசையைத்தான் கொம்புங்கறீங்க. அதுவும் நீ காட்டுன வண்டுக்கு மீச கூடக் குட்டையாத்தான் இருக்கு. பேரு வைக்கிறவுகளுக்கு என்ன, யாரு கேக்கப் போறா. நாங்க போரர்னுதான் சொல்லுவோம். அதுவும் எங்களுக்குப் புழுவாத்தான் தெரியும். தண்டப் பிளந்தா உள்ள வெள்ளையா நெளியும்னு கேள்விப்பட்டிருக்கோம். வண்டா ஆகிப் பறக்கும்னு நாங்க எங்க கண்டோம்?

இந்தா, இது புளியங்கோம்பை. நான் பொறந்த ஊரு. புள்ளி மேல புள்ளியா அப்பிக் கிடக்கு. கீழ ஊருல்ல, வெயிலு சாஸ்தி. நெழல் மரத்த வெட்டி வெட்டி வித்துட்டானுக, வண்டுக்கு வெயில் பட்ட தண்டுதான் பிடிக்கும்னு நீயே சொன்னியே. அப்புறம் இங்கிட்டு வந்தா வெறும் காடு, ஒரு புள்ளியும் இல்ல. அதுக்கு மேல எங்க நெல்லிமேடு. மேட்டுல ஒத்தப் புள்ளி. சரியா வீரணன் அண்ணன் தோட்டத்து நடுவுல வச்சிருக்கே பாரு, ஊசியில குத்துன மாதிரி.

நடுவுல காப்பியே இல்லாத காடு இம்புட்டுத் தூரம் கிடக்கு, அதத் தாண்டி இந்த வண்டு பறந்து வந்திருக்காதுங்கற. யாரோ கொண்டாந்திருக்கணுங்கற. ஏன் தாயி, றெக்க இருக்குல்ல அதுக்கு? காத்து அடிக்குதுல்ல? ஆடி மாசம் கூரை ஓட்டையே தூக்கிட்டுப் போற காத்து, ஒரு வண்டத் தூக்கிட்டு வராதா? வராதா. சரி. நீ படிச்சவ, நீ சொன்னா சரிதான்.

சத்தம் கேக்குதா? சரட்டு சரட்டுனு. அது வீரணன் அண்ணன்தான். வேலிக்கு அங்கிட்டு, மிஞ்சுன செடிகளோட தண்டத் தேங்கா நாரு வச்சுத் தேய்க்கிறாரு. மேப்பட்டைய உரிச்சுவிட்டா வண்டு முட்ட வைக்க இடம் இருக்காதுன்னு காப்பி ஆபீஸ்காரரு சொல்லிட்டுப் போனாரு. அன்னையிலருந்து தேய்க்கிறாரு. வர்ற வெள்ளிக்கெழம தோட்டத்தையே கிரயம் பண்ணிக் குடுக்கப் போறாரு தாயி. கீழ இருந்து யாரோ வந்து பாத்துட்டுப் போயிருக்காக, தங்குற பங்களா கட்டப் போறாகளாம். வாங்குறவன் காப்பிய வேரோட பிடுங்கத்தான் போறான். அப்படி இருக்கையில இவரு எதுக்குத் தேய்க்கணும்? கேட்டேன். "செடி என்ன பாவம் பண்ணுச்சு நாச்சம்மா"ங்கறாரு. இப்படி ஒரு மனுசனோட வேலி ஒட்டிக் குடியிருந்து பாரு, அப்பத் தெரியும் எங்கஷ்டம்.

இல்ல, நெசமாச் சொல்றேன். எனக்கு அவரு மேல கோவந்தான். ஊரே ஏசுனப்ப திருப்பி ஏச வேண்டியதுதானே? வாயில்ல? ஊமையா? அவரு நாலு வார்த்த பேசியிருந்தா எனக்கு இப்படிச் சோறு எறங்காமப் போகுமா?

என்ன நடந்துச்சுன்னா, எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்தப்ப சுகந்தி பத்தாவது படிச்சிட்டு இருந்தா. அன்னையிலருந்து இந்த வீட்டுக்கு ஆம்பள வேலைன்னா வீரணன் அண்ணந்தான். மருந்தடிக்கணுமா, மெளகுக் கொடி ஏத்தணுமா, வாழைத்தார ஜீப்புல ஏத்தி விடணுமா, ஒரு குரல் குடுத்தாப் போதும். சுகந்திக்கு மாப்பிள்ள பாத்ததும் அவருதான். பாத்த எடம் தூரமில்ல, அவரு தோட்டத்துக்கு அங்கிட்டு இருக்குற தோட்டம். அழகுமலைன்னு, எங்க சம்பந்தி. ஆக இந்தப் பக்கம் நான், நடுவுல வீரணன் அண்ணன், அந்தப் பக்கம் எம்மக வீடு. மகளுக்கு ஒரு சொம்பு ரசம் குடுத்துவிடணும்னாலும் அவரு தோட்டத்து வழியாத்தான் நடப்பேன். இப்ப நடக்குறதில்ல. ரோட்டச் சுத்திப் போறேன். கால் வலிக்குது, ஆனா சுத்தித்தான் போறேன்.

கல்யாணம் போன வருசத்துக்கு முந்தின வருசம் வைகாசி. எங்க வழக்கத்துல ஒண்ணு உண்டு தாயி, உங்க பக்கம் உண்டான்னு தெரியல. கல்யாண அடுப்புக்கு மொத விறகு தாய்மாமன் வீட்டுலருந்துதான் வரணும். சும்மா பேருக்கு ரெண்டு சுள்ளி இல்ல, வண்டி நெறைய. ஒலகத்துல உள்ள சீரெல்லாம் செஞ்சாலும் விறகு வரலன்னா, அடுப்பு மூட்டக்கூட வக்கில்லாத மாமன்னு பேசுவாக. எந்தம்பி சன்னாசி மானஸ்தன். மாசியிலயே ஜீப்பு நெறைய கொண்டாந்து எறக்கிட்டான்.

காப்பிக் கட்டதான் தாயி. அதான், வந்துட்டேன்ல உன் கேள்விக்கு? இரு, இரு. பேனா எடுக்காத. முழுசாக் கேளு.

புளியங்கோம்பையில அவன் தோட்டத்துப் பழைய செடி பூராம் புழு விழுந்து போயிருச்சு. பிடுங்கி எரிச்சிருங்க, கோட மழைக்கு முன்னாடியே எரிச்சிருங்கன்னு காப்பி ஆபீசுல சொல்லியிருக்காக. அவன் எங்கிட்ட ஒளிக்கல. "அக்கா, எரிக்கச் சொன்ன கட்டைக்கா, கொண்டாரவா வேணாமா"ன்னு கேட்டான். நாந்தான் சொன்னேன், "எரிக்கத்தானேடா சொன்னாக? அங்க எரிஞ்சா என்ன, கல்யாண அடுப்புல எரிஞ்சா என்ன? வீணாப் போறதுக்கு உன் மருமக கல்யாணத்துக்கு ஆகட்டும்"னு. இதுல என்ன தப்பு, நீயே சொல்லு. நல்லா காஞ்ச காப்பிக் கட்ட மாதிரி நின்னு எரியிற விறகு உண்டா? பொக வராது, கண்ணெரியாது. சமையக்காரரே மெச்சுனாரு.

எங்கிட்ட எடமில்ல. களம் பூராம் மெளகு காயுது. வீரணன் அண்ணந்தான், "எங்கொட்டகை சும்மாத்தானே கிடக்கு, தகரம் போட்டது, நனையாது, அங்க அடுக்கு"ன்னாரு. சொன்னதோட விடல, சன்னாசியோட சேந்து அவரே தோள்ல சுமந்து எறக்குனாரு. கல்யாண வீட்டு விறகு, மண்ணுல படக்கூடாதுன்னு கீழ கல்லு குடுத்து, மேல வரிசை வரிசையா அடுக்குனாரு. பாத்தா செவுரு கட்டுன மாதிரி இருக்கும். அந்தக் கொட்டகைய ஒட்டித்தான் அவரோட நல்ல செடி வரிசை. அது அவுக ஐயா காலத்துச் செடி, தண்டு என் முழங்கை தண்டி இருக்கும்.

சித்திரையில நல்ல மழை. மழை விட்ட மறுநா சுகந்தியக் கூட்டிக்கிட்டு விறகு நனைஞ்சிருச்சான்னு பாக்கப் போனேன். அடுக்கு மேல குட்டிக் குட்டியா வண்டு. கருப்பு ஒடம்பு, குறுக்க வெள்ளக் கோடு. ஓட்டமும் நடையுமா திரியுதுக. ஒண்ணு சுகந்தி கையில ஏறிருச்சு. மருதாணி வச்சுப் பழகிட்டு இருந்த கை. "அம்மா, இது எவ்வளவு அழகா கோடு போட்டுக்கிட்டு வந்திருக்கு பாரும்மா"ன்னு சிரிச்சா. ஊதிவிட்டா. பறந்து போயிருச்சு. எங்கிட்டுப் போச்சுன்னு நான் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு. கட்டையில அங்கங்க ஓட்ட இருந்துச்சு, கொட்டகைத் தரையில மாவு மாதிரி உதிர்ந்து கிடந்துச்சு. கூட்டி அள்ளிட்டு வந்தேன்.

நீ போன வாரம் முத முத வந்து போனுல வண்டுப் படம் காட்டுன பாரு, அப்பத்தான் எனக்குத் தெரியும், அதுதான் இதுன்னு. சத்தியமா அப்பத்தான். சரி, அதுக்கு முன்னாடியே அந்தக் கொட்டகைப் பக்கம் போறத நிறுத்திட்டேன். அது வேற.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. மறுவருசம் பழமெடுத்து முடிஞ்சதும் அவரு நல்ல வரிசை எல பழுத்துச்சு. தண்ணி பத்தலன்னு நெனச்சோம். அப்புறம் காத்துக்கு ஒரு செடி மளுக்குனு ஒடஞ்சு விழுந்துச்சு. பிளந்து பாத்தா உள்ள பூராம் தூளு. அதுக்கப்புறம் சம்பந்தி தோட்டத்துல. அப்புறம் எனக்கும் கொஞ்சம். எனக்கும் போச்சு தாயி, அத யாரும் பேச மாட்டேங்கறாக.

காப்பி விவசாயிக சங்கத்துல கூட்டம் போட்டாக. வீரணன் அண்ணந்தான் அப்பத் தலைவரு. எங்க சம்பந்தி எந்திரிச்சு, "நம்ம ஊருல இன்ன வரைக்கும் இல்லாதது எப்படி வந்துச்சு? வெளியூரு நாத்து வாங்கி வச்சது யாரு?"ன்னு கேட்டாரு. வீரணன் அண்ணன் அதுக்கு முந்தின வருசம் கொஞ்சம் நாத்து வாங்கி வச்சாரு, நெசந்தான். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாரு. "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும், பாருங்கய்யா மொகத்த"ன்னாரு எங்க சம்பந்தி. எல்லாரும் திரும்பி அவரு மொகத்தப் பாத்தாக. என் மொகத்த யாரும் பாக்கல. நான் பொம்பளைகளோட பின்னால, வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி உக்காந்திருந்தேன்.

அப்புறம் அவரா எந்திரிச்சு, "நாத்துலதான் வந்திருக்கும். எந்தப்புதான். மன்னிச்சிருங்க"ன்னுட்டு, சங்கத்துச் சாவிய மேசையில வச்சிட்டுப் போயிட்டாரு. அவராத்தானே சொன்னாரு? நானா சொல்லச் சொன்னேன்? நாத்துல வரும்ல தாயி? சின்னதா ஒண்ணு ரெண்டு முட்ட ஒட்டிக்கிட்டு?

வராதா. பென்சில் தண்டி நாத்துல அதால குடியிருக்க முடியாதா. முத்துன தண்டுதான் வேணுமா.

சரி. குடி, காப்பி ஆறுது.

இந்தப் பாரு, நான் யாருகிட்டயும் பொய் சொல்லல. ஒரு பொய் சொல்லல. என்னை யாரும் கேக்கல, அவ்வளவுதான். வெளியூருக் கட்ட வந்துச்சான்னு ஒரு ஆளு வாயத் தொறந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்காத கேள்விக்கு எவளாச்சும் வீடு வீடாப் போய் பதில் சொல்லுவாளா? நீதான் தாயி மொத ஆளு.

சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. எம்மக அந்த வீட்டுல வாழுறா. மாசமா இருக்கா. மாமனாரு தெனமும் காலையில எந்திரிச்சு ஒடஞ்ச செடிய ஒரு சுத்துப் பாத்துட்டு, "அந்தப் பாவி உருப்படுவானா"ன்னு மண்ண வாரி விட்டுட்டுத்தான் காப்பியே குடிக்கிறாராம். சுகந்தி சொல்லுவா. அவ சாதாரணமாச் சொல்லுவா. அவளுக்கு அந்த வண்டு ஞாபகமே இல்ல. அந்த மண்ணு அவ தலையிலயா விழணும்? உன் மாமன் சீரு எங்க குடியக் கெடுத்துச்சுடின்னு காலம் பூராம் கேப்பாகளே. பெத்தவ நான் எந்த வாயால சொல்லுவேன்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாக. வீரணன் அண்ணன் ஆம்பள, தாங்கிக்கிருவாரு. மகன் வத்தலக்குண்டுல இருக்கான், அங்க போய் நிம்மதியா இருக்கட்டும். நானும் இப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கெழம வந்துருச்சுன்னா முடிஞ்சிரும்னு.

அவருக்கு எம்மேல துளி சந்தேகம் இல்ல, அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். எப்படின்னா, கூட்டம் நடக்கறதுக்கு மொத நா வேலியோரம் வந்து நின்னாரு. "ஏம்மா நாச்சம்மா, கல்யாண விறகுல மிச்சம் ஏதும் கிடக்கா?"ன்னு கேட்டாரு. "இல்லண்ணே, பூராம் எரிஞ்சிருச்சு"ன்னேன். "சரி, நல்லதாப் போச்சு. சுகந்திப் பிள்ள நல்லா இருக்கால்ல?"ன்னாரு. "இருக்காண்ணே"ன்னேன். போயிட்டாரு. அடுப்புக்கு விறகு கேக்க வந்திருப்பாரு, பாவம்.

என்ன தாயி அப்படிப் பாக்குற?

அவருகிட்டயும் இதே கேள்விய கேட்டியா? எப்ப? காலையிலயா? நீ சொல்லவே இல்லையே. என்ன சொன்னாரு?

வெளிக்கட்ட எதுவும் வரலன்னு சொன்னாரா.

கொட்டகை? அந்தக் கொட்டகையில என்ன இருந்துச்சுன்னு கேட்டியா? அந்த வருசம் பூராம் காலியாக் கிடந்துச்சுன்னு சொன்னாரா? வீரணன் அண்ணனா? உங்கிட்டயா?

தாயி, அவரு தோள்ல சுமந்து அடுக்குனாரு தாயி. கல்லு குடுத்து அடுக்குனாரு. அந்தத் தூளு மொதல்ல அவரு கண்ணுலதான் பட்டிருக்கும். தெனமும் அங்கதான மம்பட்டிய வைப்பாரு. அப்ப அன்னைக்கு வேலியோரம் வந்து நின்னது விறகுக்கா? நல்லதாப் போச்சுன்னு சொன்னாரே. சுகந்தி நல்லா இருக்கால்லன்னு கேட்டாரே. அடுத்த நா கூட்டம். அவரா எந்திரிச்சு நாத்துன்னு சொன்னாரு.

தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.

நான் இங்க உக்காந்து அவருக்கு வாயில்லன்னு ஏசிக்கிட்டு இருக்கேன். சும்மா இரு தாயி, தண்ணி வேணாம். அழுகல. இந்தச் சத்தம்... கேக்குதா? நிறுத்த மாட்டேங்கறாரு. எம்மக கல்யாணத்தக் காப்பாத்துன கை அது. அந்தக் கையால அவரு வெள்ளிக்கெழம கையெழுத்துப் போடட்டும்னு நான் நாள் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். நான் மனுசிதானா? நீயே சொல்லு, நான் மனுசியா?

அந்தப் புள்ளிய அழிக்கலாமா? இங்கிட்டுத் தள்ளி வைக்கலாமா, இந்தக் களத்து மேல? இல்ல, இரு. அதனால என்ன ஆகப் போகுது. உன் போனு உங்க ஆபீசுக்குப் போகும். நெல்லிமேட்டுல யாரு அதப் பாக்கப் போறா? எங்க சம்பந்தி நாளைக் காலையிலயும் மண்ண வாரித்தான் விடுவாரு.

எந்திரி. அந்தக் காப்பி போகட்டும், ஆறிப்போச்சு. செருப்ப மாட்டு. ரோட்டு வழியா வேணாம், அவரு தோட்டத்து வழியாவே போவோம். அவரையும் கூப்பிட்டுக்கிருவோம். அண்ணே! வீரணண்ணே! நாரக் கீழ போட்டுட்டு வாங்க, சம்பந்தி வீடு வரைக்கும் போகணும்! எதுக்குன்னு கேக்காதீக, வாங்க!

சங்கத்துச் சாவி இப்ப எங்க சம்பந்திகிட்டதான், ஆளுக எல்லாம் இந்நேரம் அங்கதான் உக்காந்திருப்பாக. எம்மகளும் இருப்பா. எனக்கு என்னையத் தெரியும் தாயி. வாசப்படி ஏறுனதும் அவ வயித்தப் பாப்பேன், வாய் ஒட்டிக்கிரும். மோரு குடிச்சிட்டு, மழையப் பத்திப் பேசிட்டுத் திரும்பிருவேன். அதனால நீ எங்கூடவே நில்லு. எல்லாரும் இருக்கையில, வெளியூருலருந்து காப்பிக் கட்ட யாராச்சும் கொண்டாந்தீகளான்னு, எங்கிட்டக் கேட்ட மாதிரியே கேளு.

அவரப் பாத்துக் கேட்டுறாத, இல்லன்னு சொல்லிருவாரு. என்னயப் பாத்துக் கேளு. சத்தமாக் கேளு.